விளக்கு வைக்கும் நேரத்துக் கேள்வி

"ஜனங்க பொய் சொல்றாங்க, அம்மா" என்றார் தில்லைநாயகம்.

உமையாள் குடில் வாசலில், நல்ல காலை வெயிலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. ஒரு ஊரே சேர்ந்து சொன்ன பொய். நெடுங்கரையில ஒரு வீடு விடாம கேட்டேன். காய்ச்சல் தேவலையான்னு. எல்லாரும் தேவலைன்னாங்க. அதை நம்பித்தானே மருந்தைப் பாலைக்குடிக்குக் கொண்டுபோனேன்?"

"பாலைக்குடி எப்படி இருக்கு?"

தில்லைநாயகம் அங்கிருந்துதான் நேராக வந்திருந்தார். வேட்டியில் அந்த ஊர்ச் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"தூக்கிட்டுப் போக ஆள் போதலை" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே குருவை விடச் சீடருக்குத்தான் வயது அதிகம். தில்லைநாயகம் அரிசி மண்டி வைத்திருந்தவர். மனைவி பகவதி காய்ச்சலில் போன பிறகு மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஆற்றைக் கடந்து, மருத்துவம் கற்றுக்கொள்ள உமையாளின் குடிலுக்கு வந்து சேர்ந்தார். உமையாள் அவரை விடப் பத்து வயதாவது இளையவர். நரைத்த மீசைக்காரர் ஒருவர் காலில் விழுந்தால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். உமையாளுக்கும் இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

பகவதியைப் போல இனி யாரும் சாகக் கூடாது. தில்லைநாயகத்துக்கு அந்த ஒரே பிடிவாதம். மலையெல்லாம் அலைந்து வேர் தோண்டி, இடித்து, காய்ச்சித் தானே ஒரு கசாயம் கண்டுபிடித்தார். வாயில் வைத்தால் ஏழு ஊருக்கு முகம் சுளிக்கும் கசப்பு. நெடுங்கரையில் காய்ச்சல் வந்தபோது கொடுத்துப் பார்த்தார். தேவலை, தேவலை என்றது ஊர்.

அந்தப் பேச்சைக் கேட்டுப் பாலைக்குடிக்காரர்கள் கசாயத்தைக் குடித்துவிட்டு நிம்மதியாக ஊரிலேயே இருந்துவிட்டார்கள். மருந்து வராமல் இருந்திருந்தால், எப்போதும் போலப் பிள்ளைகளை மலைப்பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்கு அனுப்பியிருப்பார்கள். பிள்ளைகளாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது ஆற்றங்கரை மருத மரத்தடியில் இன்னொரு வண்டி நின்றுகொண்டிருந்தது. செங்காட்டு வண்டி. அந்த ஊரிலும் காய்ச்சல். குடத்தில் மருந்து வாங்கிப்போக வந்த வண்டிக்காரர், மாட்டைக்கூட அவிழ்க்காமல் நுகத்தடியைப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறுங்கையோட போனா என்னை வண்டியோட சேர்த்துக் கொளுத்திடுவாங்க, தாயீ" என்று வந்ததுமே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணில் சிரிப்பு இல்லை.

"அனுப்பவா வேண்டாமா, அம்மா?" என்றார் தில்லைநாயகம். "பாலைக்குடியில தண்ணி சரியில்லையோ என்னமோ. நெடுங்கரையில பலிச்சிருக்கலாமில்ல?"

"அவங்க பொய் சொல்றாங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"எல்லாருமா சொல்லியிருப்பாங்க?"

உமையாள் ஆற்றங்கரை வண்டியைப் பார்த்தார்.

"ஏன் சொல்லணும்? நான் அவங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சேன். ஒரு வாய்த் தண்ணிக்கு மேல யார்கிட்டயும் வாங்கினதில்லை." தில்லைநாயகத்தின் குரல் உடைந்தது. "உண்மையைச் சொல்ல என்ன கஷ்டம் அவங்களுக்கு?"

"எப்படிக் கேட்டீங்க?"

"எப்படிக் கேட்பாங்க? வாயாலதான்."

"அங்கே கேட்ட மாதிரியே என்னைக் கேளுங்க."

தில்லைநாயகத்துக்கு இது விளையாட்டாகப் பட்டது. இருந்தாலும் குரு சொல் ஆயிற்றே. எழுந்து பத்தடி தள்ளிப் போனார். மருந்துப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். வாசலில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, தலையை முன்கூட்டியே ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"இப்போ தேவலைதானே?"

"தேவலை" என்றார் உமையாள்.

"உங்களுக்கு என்ன வந்தது, தேவலைன்னு சொல்ல? காய்ச்சல் வந்தவங்க சொன்னாத்தானே அது பதில்?"

உமையாள் கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டார்.

"அப்போ போய்க் காய்ச்சல் வந்தவங்களையே கேட்டுட்டு வாங்க. வண்டி நிக்கட்டும்."

நெடுங்கரைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

போன தடவையும் அவர் இதே நேரத்துக்குத்தான் வந்திருந்தார். பகலில் வந்தால் எல்லாரும் வயலில் இருப்பார்கள், வீடு வீடாகப் பூட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று யோசித்து வைத்த நேரம் அது. அந்த யோசனைக்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

முதல் வீடு வெள்ளத்தாயியுடையது. பனையோலைப் பெட்டி முடைகிற பெண். போன தடவை அவள் கணவனுக்குக் காய்ச்சல்.

அவள் மாடத்து விளக்கை ஏற்றிவிட்டு அப்போதுதான் திரும்பினாள்.

"வாங்க, வைத்தியரய்யா."

"எல்லாரும் தேவலைதானே?"

"தேவலை, ஐயா. நல்லா இருக்கோம்."

தில்லைநாயகத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதற்குத்தானே வந்தார்! செங்காட்டு வண்டியை நாளைக்கே அனுப்பிவிடலாம். அப்படியே அடுத்த வீட்டுக்குத் திரும்பியிருப்பார். வெள்ளத்தாயி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதால் நின்றார். நின்றதால் உள்ளே பார்த்தார்.

கயிற்றுக் கட்டிலைச் சுவரோடு சாய்த்து நிறுத்தியிருந்தார்கள்.

"வீட்டுக்காரர் எங்கே?"

வெள்ளத்தாயி செம்பை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"குடிங்க, ஐயா."

"எங்கே அவர்?"

அவள் ஒருமுறை விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வெளியே இறங்கி முற்றத்தின் ஓரத்துக்கு, விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்துக்கு வந்தாள். அங்கே நின்று மெல்லச் சொன்னாள்.

"அவர் போய்ட்டாரு, ஐயா. நீங்க போன தடவை வந்துட்டுப் போனீங்களே, மறுநாள் விடியறதுக்குள்ள."

"தேவலைன்னு சொன்னியேம்மா அன்னைக்கு!"

"விளக்கு வச்ச நேரம், ஐயா. இந்த நேரத்துல இல்லைங்கிற பேச்சை எப்படி எடுக்கிறது? உப்பு இல்லைன்னாக்கூட நிறைஞ்சிருக்குன்னுதானே சொல்லுவோம்? உள்ளே அவரு பினாத்திக்கிட்டுக் கிடந்தாரு. நீங்க வாசல்ல சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. தேவலைன்னு வாயில வந்துட்டுது." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "உங்க வீட்டுல அப்படிக் கிடையாதா?"

தில்லைநாயகம் மாடத்து விளக்கைப் பார்த்தார்.

அவர் வீட்டிலும் அப்படித்தான். அரிசி மண்டியைப் பூட்டிவிட்டு அவர் வீடு திரும்புகிற நேரம் விளக்கு வைக்கிற நேரம். செருப்பைக் கழற்றிக்கொண்டே வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கேட்பார், "பகவதி, இன்னைக்குத் தேவலைதானே?" உள்ளேயிருந்து குரல் வரும், "தேவலைங்க." சாவதற்கு முந்தின நாளும் அந்தக் குரல் வந்தது. அவர் திருப்தியாகக் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக அவருக்குப் பகவதியின் மேல் ஒரு கோபம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று.

செம்பை வாங்கிக் குடித்தார்.

காலையில் எழுந்தபோது அவருக்கு மனம் கொஞ்சம் லேசாகியிருந்தது. எல்லாம் அந்த நேரம் செய்த வேலை என்று பழியை விளக்கின் மேல் போட்டுவிட்டார். நட்டநடுப் பகலில் கேட்டால் யார் எதற்காக மறைக்கப் போகிறார்கள்?

வயலுக்கு யாரும் போயிருக்கவில்லை. உச்சி வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"தேவலைங்க, ஐயா."

"ஒரு குறையும் இல்லை, ஐயா. உங்க கை ராசி."

"நல்லா இருக்கோம். நிழல்ல உக்காருங்க, முகமெல்லாம் வேர்த்திருக்கு."

தெருக்கோடியில் சொள்ளமுத்து என்பவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன் தாய்க்குத்தான் மருந்து கொடுத்திருந்தார்.

"அம்மாவுக்குத் தேவலைதானேப்பா?"

"ம். தேவலை." அவன் நிமிரவில்லை. கோடரி ஏறி இறங்கியது.

"மருந்து தவறாம குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க."

தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே இன்னொன்று கேட்டார்.

"மருந்து நல்லா இனிப்பா இருந்துச்சா?"

"ம். இனிப்பாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான். தில்லைநாயகம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"இனிப்பாவா? என்ன கேட்டாலும் ஆமாம் போடுவியா? நான் என்ன பைத்தியக்காரனா, உங்க வாசல் வாசலா நாய் மாதிரி அலைய? நீங்க சொன்ன பொய்யை நம்பிப் பாலைக்குடியில ஜனம் செத்துக் கிடக்குதுடா!"

சொள்ளமுத்து கோடரியைக் கீழே வைத்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் தில்லைநாயகத்தை என்னவோ செய்தது.

"தேவலை இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, ஐயா?"

தில்லைநாயகம் வாயைத் திறந்தார்.

"வேற மருந்து வச்சிருந்தீங்களா?"

"இல்லை."

"கூட இருந்து பார்த்திருப்பீங்களா?"

"அடுத்த ஊருக்குப் போகணுமே அப்பா..."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

தில்லைநாயகம் தலையைக் குனிந்தார். குனிந்த கண்ணில் விறகு பட்டது. அடுப்புக்கு இவ்வளவு நீளமாக யாரும் பிளப்பதில்லை.

"இந்த விறகு..."

"அம்மாவுக்கு" என்றான் சொள்ளமுத்து. "காலையில போய்ட்டாங்க."

சந்துக்குள் இருந்த அவன் வீட்டு வாசலில் பாடை தயாராக இருந்தது. அழுகைச் சத்தம் இல்லை. அழுகிறதற்கும் தெம்பு வேண்டும். ஊரில் பாதிப் பேர் படுத்திருந்தார்கள், மீதிப் பேர் படுத்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடை தூக்க மூன்று பேர்தான் தேறினார்கள். நாலாவது மூலைக்கு ஆளில்லை.

தில்லைநாயகம் தோளில் கிடந்த மருந்துப் பையைக் கழற்றித் தரையில் போட்டார். போய் நாலாவது மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுடுகாட்டில் விறகு அடுக்கினார். கையில் சிலாம்பு ஏறியது. சொள்ளமுத்து கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததும் இவருக்குத்தான் அழுகை வந்தது. பகவதிக்கு அழ வேண்டிய அழுகை, அன்றைக்கு மண்டியிலிருந்து வந்த ஆட்களுக்கு முன்னால் அடக்கி வைத்தது, இங்கே யாரோ ஒரு கிழவியின் சிதைக்கு முன்னால் வந்தது.

பிறகு எல்லாரும் ஆற்றில் இறங்கிக் குளித்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது, பாடையின் முன் மூலையைத் தூக்கி வந்தவர் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அந்தக் கசாயம் உள்ளே போனா அப்படியே வெளியே வந்துடும், ஐயா. எங்க வீட்டுல ரெண்டு நாள் கொடுத்தோம். அப்புறம் சாணிக்குழியில ஊத்திட்டோம். உங்க மனசு சங்கடப்படுமேன்னுதான் சொல்லலை."

"எங்க அண்ணன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலை. அவன்தான் பிழைச்சான்" என்றார் இன்னொருவர்.

"வேண்டாம்னு சொன்னா நாளைக்கு எங்க வீட்டுக்கு நீங்க வராம போயிடுவீங்களோன்னு எங்க வீட்டுக்காரிக்குப் பயம்" என்றார் மூன்றாமவர்.

"எங்கம்மா குடிச்சாங்க" என்றான் சொள்ளமுத்து. "நீங்க சொன்ன மாதிரியே. ஒரு வேளை தவறாம."

தில்லைநாயகம் தலையை ஆட்டவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கசாயத்தின் கதை அந்த ஆற்றுத் துறையில் முழுசாக முடிந்தது.

மறுநாள் அவர் திரும்பி வந்தபோது செங்காட்டு வண்டி அதே மரத்தடியில் இருந்தது. வண்டிக்காரர் ஓடி வந்தார்.

"குடத்தை ஏத்திடலாமா, சாமி?"

"மருந்து இல்லை."

"இதோ நீங்க காய்ச்சி வச்சது குடம் நிறைய இருக்கே!"

தில்லைநாயகம் குடத்தைச் சாய்த்தார். கருங்கசாயம் மணலில் ஓடி, ஊறி, ஒரு கறையாக நின்றது. மலையெல்லாம் அலைந்து தேடிய வேர்கள்.

"இது பலிக்காது. குடிச்சவங்க செத்தாங்க. வேற மருந்து என்கிட்ட இல்லை. வேகமா ஊருக்குப் போங்க. காய்ச்சல் வராத பிள்ளைங்களையெல்லாம் இன்னைக்கே மலைப்பக்கம் அனுப்பச் சொல்லுங்க."

"மருந்தே இல்லையா, சாமி?"

"இல்லை."

அவர் வாழ்க்கையில் இவ்வளவு கனமான வார்த்தையை இறக்கி வைத்ததில்லை. வண்டிக்காரர் திட்டுவார் என்று தில்லைநாயகம் காத்து நின்றார். அவர் திட்டாமல் மாட்டை வண்டியில் பூட்டப் போனார்.

வாசலில் உமையாள் இல்லை.

உள்ளே பாயில் படுத்திருந்தார். அதே கம்பளி, கழுத்து வரைக்கும்.

"வந்துட்டீங்களா, நாயகம்?"

தில்லைநாயகத்தின் முகத்தில் சிரிப்பு தானாக வந்தது. தலை தானாக ஆடத் தொடங்கியது. 'தேவலைதானே' என்பது நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? கடித்து விழுங்கினார்.

கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்து உமையாளின் கையை எடுத்தார்.

கொதித்தது.

காலை வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தாரே! அதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றார்? பார்த்துக்கொண்டே, உங்களுக்கு என்ன வந்தது என்றும் கேட்டாரே!

"அன்னைக்கே இருந்ததா, அம்மா?"

"இருந்தது."

"நான் கேட்டேனே. தேவலைன்னு சொன்னீங்களே."



தில்லைநாயகத்துக்கு எழுந்து வெளியே ஓடி, மலைக்குப் போய், இன்னொரு வேரைத் தோண்ட வேண்டும் போலிருந்தது. எதையாவது காய்ச்ச வேண்டும் போலிருந்தது. எழுந்திருக்கவில்லை. கையை விடவும் இல்லை.

"என்கிட்ட மருந்து இல்லை, அம்மா."

"தெரியும்."

வெளியே செங்காட்டு வண்டி புறப்பட்டது. சக்கரச் சத்தம் ஆற்று மணலில் தேய்ந்து அடங்கியது.

பிறகு தில்லைநாயகம் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

உமையாள் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

"பயமா இருக்கு, நாயகம்" என்றார்.